கிரேன்காரரின் தாடை

துறைமுக வாசலில் காவலர் புது அனுமதி அட்டையை வாங்கிப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"அண்ணே, இது யாரு? உங்க தம்பியா?"

"யோவ், நான்தான்யா. தினம் பாக்கற மூஞ்சி தெரியலையா?"

"தினம் பாக்கறதாலதான் கேக்கறேன். இந்தப் படத்துல இருக்கறவருக்குத் தாடை இருக்கே!"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். அட்டை கைக்குக் கை மாறியது. "அண்ணே, மாப்பிள்ளை ஜோரா இருக்காரு, பொண்ணு பாக்கலாமா?" என்றார் லாரிக்காரர் ஒருவர். கடைசியில் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டியதாயிற்று. இருபத்தாறு வருடமாக அதே வாசலில் நுழைகிற மனிதருக்கு இது நேர வேண்டுமா, சொல்லுங்கள்.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலில் வந்து இறங்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற வேலை. பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, தரையும் கண்ணாடி. காலுக்கு நடுவே குனிந்து கீழே பார்த்தபடியே எட்டு மணி நேரம். மோவாய் நெஞ்சில் போய் முட்டும். இருபத்தாறு வருடம் அப்படி மடங்கிக் கிடந்தால் தாடை என்னவாகும்? ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு முகம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் கிடையாது, அன்று காலைவரை.

ஏனென்றால் அந்தப் படத்தை எடுத்தது அவர் மனைவி. வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஸ்டூடியோ. நீலத் திரை, இரண்டு குடை விளக்கு, ஒரு முக்காலி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி ஒரு கம்ப்யூட்டர். கடவுச்சீட்டு, வேலைக்கு மனு, பள்ளிக்கூடம் என்று யாருக்கு எந்தப் படம் வேண்டுமென்றாலும் அங்கேதான். எடுத்த படத்தில் பருவை எடுப்பாள், கருவளையத்தை எடுப்பாள், தொங்குகிற தாடையை ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்துவாள். சாயங்காலம் இவர் வீட்டுக்குள் நுழைந்தால் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "வந்துட்டீங்களா?" என்பாள். இவர் "ம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர்களுடைய வரவேற்பு.

அன்று கூண்டில் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே, அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தார். அதே கண், அதே மூக்கு, அதே வழுக்கை. கீழே மட்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு தாடை. வழுக்கையை விட்டுவிட்டாள், பாருங்கள். தாடையை மட்டும் மாற்றியிருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்குப் பிடிக்காதது எது என்று தெரிந்துபோயிற்றே! இத்தனை வருடமும் வாயைத் திறந்து சொல்லாமல் சகித்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. "ஏன்டி, என் தாடை உனக்குப் பிடிக்கலையா?" அவ்வளவுதான். ஆனால் கேட்டு, அவள் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால்? பன்னிரண்டு மாடி ஏறப் பயப்படாத மனிதர் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தார்.

இத்தனைக்கும் தினமும் சாயங்காலம் டிவி பார்க்கும்போது அவள் இவர் தோளில் சாய்ந்து, வலது உள்ளங்கையை இவர் தாடைக்கடியில் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். அந்தச் சதையில் அவள் கை சொகுசாகப் பதிந்து உட்காரும். தினம் தினம் நடக்கிற காரியம். அது இந்த மனுஷன் மண்டையில் உறைத்ததா? உறைக்கவில்லை. அட்டையில் இருந்த படம்தான் உறைத்தது.

தோல் மருத்துவமனைக்கு வீட்டில் சொல்லாமல் போனார். டாக்டரம்மாவுக்கு இவருடைய அக்கா மகள் வயதுதான் இருக்கும். முகத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, தாடை எலும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஃபில்லர்னு ஒரு மருந்துங்க. ஜெல்லி மாதிரி இருக்கும். எலும்பு ஓரமா ஊசில வெச்சா, கோடு எடுத்துக் காட்டும். கீழ இருக்கற சதைய இது கரைக்காது. அத முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"இதுமாதிரி வருமா?" என்று அட்டையை நீட்டினார்.

டாக்டர் படத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது கம்ப்யூட்டர் தாடை சார். முக்கால்வாசி வரலாம். நிரந்தரமும் இல்ல. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிடும். ஆளுக்கு ஆள் மாறும். பிடிக்கலன்னா முன்னாடியே கரைக்கவும் ஊசி இருக்கு. சரி, யாருக்காக இது?"

"எனக்காகத்தான்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

"ஒரு வாரம் யோசிச்சிட்டு வாங்க. முதல் நாளே நான் ஊசி போடறதில்ல."

ஒரு வாரம் யோசித்தாரா? காவலர் யோசிக்க விட்டால்தானே! தினமும் காலையில் "அண்ணே, தம்பி நல்லா இருக்காரா?" என்று கேட்டுக் கேட்டு அவரே இவரை மருத்துவமனைக்குத் தள்ளிவிட்டார்.

போன அன்று முகத்தைக் கழுவி, மரத்துப்போகக் களிம்பு தடவி, அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு டாக்டர் வெள்ளைப் பென்சிலால் தாடையோரம் கோடும் புள்ளியுமாகப் போட்டார். ஊசி கூர்மையாகக் குத்தியது பக்கத்துக்கு ஒரு இடத்தில்தான். அந்தத் துளை வழியாக முனை மழுங்கிய ஒரு நீளக் குழலை உள்ளே ஓட்டி மருந்தை வைத்தார். வலி என்று சொல்ல முடியாது. தோலுக்கடியில் யாரோ விரலை விட்டு நகர்த்துகிற மாதிரி ஒரு அழுத்தம், ஒரு இறுக்கம். அதற்கே நம் வீரர் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் அந்த ரெக்சின் கிழியாமல் இருந்தது ஆச்சரியம். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"வீங்கும், கன்னிப்போகும், பயப்படாதீங்க. நாலஞ்சு நாள்ல வடியும், சரியான உருவம் ரெண்டு வாரத்துல தெரியும். ரெண்டு நாளைக்குக் குனியற வேலை வேண்டாம், சுடு ஒத்தடம் வேண்டாம். ரெண்டு வாரத்துக்குத் தாடைய அமுக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்கக் கூடாது. தோல் வெளுத்துப்போனாலோ, திட்டுத் திட்டா நிறம் மாறினாலோ, வலி தாங்க முடியலன்னாலோ, கண்ணு மங்கினாலோ, எந்த நேரமா இருந்தாலும் உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க. காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க."

மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி வீட்டுக்குள் நுழைந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றது முதுகு.

"ம்."

அந்த "ம்" வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். அவள் நாற்காலியோடு திரும்பினாள். "ஐயய்யோ, என்னங்க இது மூஞ்சி!"

"பல்லு. புடுங்கிட்டாங்க."

அவ்வளவுதான், ஸ்டூடியோ விளக்கு அணைந்தது. வாடிக்கையாளர் ஒருவரை நாளைக்கு வரச் சொன்னாள். கஞ்சி வைத்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். "எத்தனை தடவ சொன்னேன், ராத்திரி பல்லு விளக்குங்கன்னு? கேட்டாத்தானே!" என்று திட்டிக்கொண்டே துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஆவி பறந்தது.

"என்னது அது?"

"ஒத்தடம். நல்லா அழுத்தி வெச்சா வீக்கம் பறந்துடும்."

"வேண்டாம்!"

"சின்னப் பிள்ளையா நீங்க? காட்டுங்க."

"தொடாத! தொடாதடி! ரெண்டு வாரத்துக்குத் தாடைய அமுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க!"

துணி பாதி வழியில் நின்றது. அவள் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். முகம் பார்த்துப் பிழைக்கிறவள் அவள். அவளிடம் போய் முகத்தை மறைக்க முடியுமா?

"எந்தப் பல் டாக்டர் ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்குப் புடுங்குவாங்க? அளவெடுத்த மாதிரி வீங்கியிருக்கு. உண்மையச் சொல்லுங்க."

குட்டு உடைந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். வீங்கிய வாயால் ஒவ்வொன்றாகச் சொன்னார், காவலர் கேட்டது, தம்பி விவகாரம், பென்சில் கோடு, ஊசி எல்லாம். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு இந்தத் தாடைதான் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்" என்றார்.

அவள் கோபப்படுவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவளோ அவர் கையைப் பிடித்து எழுப்பி, கம்ப்யூட்டருக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள். ஒரு படத்தைத் திறந்தாள். எதிர்வீட்டு வாத்தியார், கோடு போட்ட தாடை. அடுத்து மருந்துக்கடைக்காரர், அதே தாடை. தையற்காரம்மா, தபால்காரர், ஏன், இவருடைய சொந்த மச்சினன்கூட.

"பாருங்க. இந்தத் தெருவே ஒரே தாடையோடதான் சுத்துது. யார் வந்தாலும் கை தானாப் போயி அந்த இடத்த இழுத்துடும். உங்க படத்தையும் மத்தவங்க படம் இருபதோட சேத்துப் போட்டேன். பிடிக்கலன்னு மாத்தலைங்க. அது நீங்கன்னு நான் பாக்கவே இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. உதடு கோணியது. "கட்டின புருஷன் மூஞ்சியப் பாக்காம வேலை பாத்திருக்கேன் பாருங்க" என்று சொல்லி, அழ ஆரம்பித்துவிட்டாள். இவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். வாயோ வீங்கிக் கிடக்கிறது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "அழாதடி, எனக்குச் சிரிச்சாலும் வலிக்குது, அழுதாலும் வலிக்குது" என்றார். அவள் அழுகையோடு சிரித்தாள்.

டாக்டர் சொன்னபடி வீக்கம் ஐந்து நாளில் வடிந்தது. கன்றிப்போன இடம் மஞ்சளாகி மறைந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அடேயப்பா, மனிதருக்கு நிஜமாகவே ஒரு தாடை! வாசலில் காவலர் அட்டையைப் பார்த்து, ஆளைப் பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "வாங்க தம்பி. அண்ணன் எங்க?"

அன்று சாயங்காலம் டிவி முன்னால் அவள் இவர் தோளில் சாய்ந்தாள். இரண்டு வாரமாக மடியில் கட்டிப் போட்டிருந்த கை பழக்கத்தில் மேலே போயிற்று. தாடைக்கடியில் தேடியது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. உட்கார இடம் கிடைக்கவில்லை. புதுத் தாடையின் விளிம்பு கையில் இடித்தது. கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருடமாகத் தினமும் அங்கே ஒரு கை இருந்தது என்பதே, அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

"நாளைக்கே போயிக் கரைச்சிடறேன்" என்றார்.

"இன்னொரு ஊசியா? ஒண்ணும் வேண்டாம்." அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். "அழகாத்தான் இருக்கீங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்காகப் பயந்து பயந்து போயிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. ஒரு வருஷம் இவரோடயும் குடும்பம் நடத்திப் பாத்துடறேன். நம்ம ஆளு எங்க போயிடப் போறாரு, மெதுவா வரட்டும்."

அதிலிருந்து மாதம் பிறந்தால் அவரை முக்காலியில் உட்கார வைத்து ஒரு படம். ஒரு புள்ளிகூடத் திருத்தாமல் அப்படியே எடுத்து வைப்பாள். மற்றபடி அவள் அடியோடு மாறிவிட்டாள் என்று சொன்னால் அது புளுகு. வேலை நெருக்கடியில் பழையபடி முதுகுதான் வரவேற்கும். ஆனால் சாயங்காலம் அந்தக் கை ஒருமுறை மேலே போய்த் தேடிவிட்டு இறங்கும். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஆறு மாதம் போயிற்று. பத்து மாதம் போயிற்று. கண்ணாடியில் கோடு லேசாக மங்குவதைப் பார்த்து இவருக்குச் சந்தோஷம். தாடை தொங்கியதற்குச் சந்தோஷப்பட்ட ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

பதினான்காவது மாதம் ஒரு சாயங்காலம். இவர் உள்ளே நுழைந்தார். முதுகு கேட்டது, இவர் "ம்" என்றார். சாப்பிட்டார்கள், டிவியைப் போட்டார்கள். அவள் சாய்ந்தாள். கை மேலே போயிற்று, தேடவில்லை. போனதும் உட்கார்ந்துவிட்டது.

அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். தலையைத் தூக்கி, கையை எடுக்காமல், அவர் முகத்தை நிறுத்தி நிதானமாகப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

அவர் வழக்கமான அந்த "ம்"முக்குப் பதிலாக, அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.