சோலைமுத்துவின் வெள்ளிக்கிழமைகள்

“இந்த வரி எதுக்கும்மா? எடுத்துட்டா என்ன ஆகும்?”

“ஐயய்யோ, அதத் தொட்டுறாதீங்கண்ணே. சோலைமுத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட் போடக்கூடாது. அவருக்குச் சாமி வரும்.”

“சாமி வர்றது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் எழுதி வச்சேன்.”

அந்தோணிமுத்து சிரித்தார். ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை அவள் பெங்களூரில் புது வேலையில் சேர வேண்டும். சாணார்பட்டி ரோட்டில் இருக்கும் இந்த நூல்மில்லில் யார் எந்த ஷிப்டுக்கு வர வேண்டும் என்று முறை போடும் புரோகிராமை எழுதியவள் அவள். அதைப் பற்றித் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். கணக்குப் பார்க்கும் அந்தோணிமுத்து, ‘எனக்குத் தெரியும், பார்த்துக்கொள்கிறேன்’ என்று தன் வாயால் சொன்னால்தான் அவளை விடுவிப்பேன் என்று மேனேஜர் தண்டாயுதபாணி கறாராகச் சொல்லிவிட்டார்.

வெளியே சித்திரை வெயில். ஜன்னலே இல்லாத இந்த ஏசி அறைக்குள் மட்டும் ஏதோ தூர தேசத்து மார்கழி. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து தயங்கி நிற்கிற தொழிலாளி யாருக்கும் அவள் இல்லை என்று சொன்னதில்லை. கேட்ட மாத்திரத்தில் புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிடுவாள். எதற்காகச் சேர்த்தாள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதமாட்டாள். எல்லாம் மனசில்தான் இருந்தது. கெட்டிக்காரப் பொண்ணு என்று மில்லே மெச்சியது. அந்த மெச்சலில் மிதந்தபடி, கதவு வைக்க மறந்து தன்னைச் சுற்றியே சுவர் எழுப்பியிருக்கிறாள்.

“இது?” அந்தோணிமுத்துவின் பென்சில் அடுத்த வரியில் நின்றது.

“கருப்பணனும் மணிமாறனும் ஒரே ஷிப்ட்ல வரக்கூடாதுண்ணே. ரெண்டு பேருக்கும் ஆகாது. வெட்டுக்குத்தாயிரும்.”

“நல்லாருக்கு போ! அவுக சம்பந்தியாகி வருசம் ஒண்ணாச்சு. சேந்து ஒரு விருந்துக்குப் போக முடியல, இந்தப் பெட்டி பிரிச்சுப் பிரிச்சுப் போடுதுன்னு பொலம்பிக்கிட்டுத் திரியிறாக.”

அவள் முகம் சுண்டிப்போனது.

“சரி, இது?”

ஸ்ரீமதி திரையையே பார்த்தாள். அவள் எழுதியதுதான். யாரோ வந்து நின்றிருக்கிறார்கள், ஏதோ கேட்டிருக்கிறார்கள். முகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

“தெரியலண்ணே.”

“எழுதுன உனக்கே தெரியலையா? நீ இருந்தா ஓடுது, சரி. நீ இல்லாமயும் ஓடணும்ல? அதுதானம்மா வேலை.” அவர் பென்சிலைக் காதில் செருகினார். “நாளைக்கு ஒரு கோளாறுன்னா என்னயல்ல இந்தக் குளிருக்குள்ள அடைச்சுப்புடுவாக?”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேனேஜர் வருவது தெரிந்தது. ஸ்ரீமதி நாற்காலியை அந்தோணிமுத்து பக்கம் இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, தெரியும்னு மட்டும் சொல்லிருங்கண்ணே. அம்புட்டுத்தான் கேக்குறேன்.”