நாலரை மணித்தியாலம்

லண்டனிலிருந்து வரும் கிளெமென்றிடம் கொழும்பில் எதைக் கேட்டாலும் பதில் நாலரை மணித்தியாலம் கழித்துத்தான் வரும். 2011 ஆகஸ்டில் அவன் முதன்முறை ஊர் திரும்பிய அன்றே இது தெரிந்துபோயிற்று. காலை எட்டு மணிக்கு அவனுடைய அம்மா யூஜினா, "பிளேன்ரீயா, பால்ரீயா மகன்?" என்று கேட்டார். அவன் முகம் நிறையச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டரைக்கு, சோற்றில் கை வைத்த நேரத்தில், "பிளேன்ரீ, சீனி வேண்டாம்" என்றான். அவன் வாய் நேரத்துக்கு வேலை செய்தது, கண்ணும் செய்தது, வயிறு நேரத்துக்கு முன்பே செய்தது. காதுதான் நாலரை மணித்தியாலம் பிந்திய லண்டன் நேரத்தில் நின்றுவிட்டது. எழுதிக் காட்டினாலும் இதே கதைதான். தாளை வாங்கிப் பார்ப்பான், தலையாட்டுவான், நாலரை மணித்தியாலம் போன பிறகுதான் விளங்கும். தான் தாமதிப்பது அவனுக்குத் தெரியாது. கொழும்புச் சனம் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லை என்று லண்டனில் போய்ச் சொன்னானாம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் லேன்காரர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெளிநாடு போனவன் எதையாவது கொண்டுவரத்தான் செய்வான். முன்வீட்டு அழகுமுத்துவின் மகன் கனடாவிலிருந்து கொலஸ்ட்ரோலைக் கொண்டுவந்தான். யூஜினா ஒரு கொப்பி வாங்கி, கேட்ட கேள்வியையும் கேட்ட நேரத்தையும் எழுதிவைத்தார். பதில் வந்ததும் நாலரையைக் கழித்துப் பார்த்து, அது எந்தக் கேள்விக்குரியது என்று கண்டுபிடிப்பார். ஒருமுறை காலைப் பூசையில் சுவாமியார் சொன்ன பகிடிக்குக் கிளெமென்ற் மத்தியானம் ஒரு சாவீட்டில் குலுங்கிச் சிரித்தான். வெளிநாட்டுக்காரன் என்றபடியால் சாவீட்டுக்காரரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார்கள். எங்களில் சிலர் அவனைப் பார்த்து, கேட்டவுடன் பதில் சொல்லும் பழக்கத்தையே குறைத்துக்கொண்டோம். அது பெரிய மனிதத் தோரணையாகத் தெரிந்தது.

அவதிப்பட்டது இமெல்டா மட்டும்தான். கிளெமென்றின் தங்கச்சி, புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. துறைமுகத்தில் கப்பல் சாமான்களுக்குக் கடதாசி வேலை பார்க்கும் ரொனி, 2013இல் அவளைக் கட்டித்தரச் சொல்லிக் கேட்டு வந்தார். அவளுக்கும் விருப்பம். தகப்பன் இல்லாத வீட்டில் யூஜினா இரண்டு சட்டம் வைத்திருந்தார். மூத்தவன் வாயால் சொல்லாமல் கல்யாணம் இல்லை என்பது முதலாவது. கல்யாண விசயம் போனில் கதைக்கிற விசயம் இல்லை, முகத்துக்கு முகம் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. போனில் கிளெமென்ற் ஒரு செக்கனில் பதில் சொல்வான். கொல்லைத் தண்ணீர்த் தாங்கிக்கு என்ன நிறம் என்பதைக்கூட யூஜினா அவனிடம் போனில் கேட்டுத்தான் முடிவுசெய்தார். ரொனியைப் பற்றியும் அப்படியே கேட்டால் என்ன என்று லேனில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அதை யூஜினாவிடம் போய்ச் சொல்ல எங்களில் ஆளில்லை.

2013 ஆகஸ்டில் யூஜினா கேள்வியைக் கேட்டபோது கிளெமென்றின் சூட்கேஸ் விமான நிலையம் போகிற வானில் ஏறிவிட்டது. பதிலை அவன் அரபிக்கடலுக்கு மேலே வைத்து விமானப் பணிப்பெண்ணிடம் சொன்னான். அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாளாம். அவனைப் பொறுத்தவரை பதில் சொல்லியாயிற்று, ஆகவே அந்தக் கதையை அவன் பிறகு எடுக்கவில்லை. 2016இல் யூஜினா நேரத்தைக் குறிக்க மறந்துபோனார்; பதில் வந்தபோது வீட்டில் பூனை மட்டும்தான் இருந்தது. ஒரே லீவில் இரண்டாம் தரம் கேட்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. 2019இல், ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, கொட்டாஞ்சேனையில் கல்யாணப் பேச்சு எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு கொரோனா. பிறகு பெற்றோல் வரிசை. முப்பத்திரண்டு வயதில் ரொனிக்காக நல்ல சாரி ஒன்று எடுத்துவைத்த இமெல்டாவுக்கு நாற்பத்துநாலு ஆயிற்று. ரொனி ஐம்பதைத் தாண்டினார். இந்தமுறையும் தவறினால் வேறு பெண் பாருங்கள் என்று இமெல்டா அவரிடம் சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எப்போதும் ஆகஸ்டில் வருகிறவன், போன வருடம் லீவு கிடைக்காமல் அக்டோபரில் வந்தான். வெளிநாட்டுக்காரன் வந்தால் ஒரு ஞாயிறு வான் பிடித்துக் கடலுக்குப் போவது எங்கள் லேன் வழக்கம். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான், ஆனால் துறைமுக மதிலுக்கு அந்தப் பக்கம். ஆகவே கடல் பார்க்க நகரத்தைக் கடந்து தெஹிவளைக்குப் போகிறோம். அந்த இருபத்தாறாம் தேதி, பூசை முடிந்து புறப்பட்டோம். ஒன்பது மணிக்கு வெள்ளவத்தையில் வானை நிறுத்தி, "வடை வேணுமா மகன்?" என்று கேட்டு யூஜினா கொப்பியில் எழுதினார். பத்து மணிக்குக் கடற்கரையில் குடை விரித்து, சாரியைச் சரிசெய்து, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "மகன், ரொனி தங்கச்சியைக் கட்டக் கேக்கிறார். குடுக்கலாமா?" அதையும் எழுதினார். ரொனி மணலில் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தார். கிளெமென்ற் கடலைப் பார்த்துச் சிரித்தான்.

ஒன்றரைக்கு வரவேண்டிய வடைப் பதில் வரவில்லை. புரியாணிச் சட்டியைச் சுற்றி இருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு இருபதுக்கு எல்லாரும் கை கழுவிவிட்டுக் குடையைச் சூழ்ந்து உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் அன்ரி சிலுவை போட்டார். சரியாக இரண்டரைக்குக் கிளெமென்ற் தலையைத் தூக்கி, "வேண்டாம் அம்மா" என்றான்.

யூஜினா கொப்பியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். கணக்குப் பிசகவில்லை. "மூத்தவன் சொல்லிற்றான்" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இமெல்டாவுக்கு அழுகை வரவில்லை. பன்னிரண்டு வருடக் கோபம் ஒரே தரமாக வந்தது. எழும்பி நின்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "கேட்டாச்சு, நீங்களும் சொல்லியாச்சு. இப்ப நான் சொல்றன். நான் ரொனியைக் கட்டப்போறன்." பிறகு ரொனியைப் பார்த்து, "சப்பாத்தைக் கழட்டுங்க" என்றாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார்கள். வேண்டாம் என்று சொன்ன கிளெமென்றோ போனை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, "இன்னும் கிட்ட நில்லுங்க!" என்று படம் எடுத்தான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோல மிச்சப் புரியாணியைச் சாப்பிட்டோம்.

மூன்றரைக்குக் கிளெமென்ற் ஈரக் காலோடு வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறந்தான். "இதை ஏன் அம்மா திரும்பத் திரும்ப என்னட்டக் கேக்கிறீங்க? கட்டப்போறது அவள். அவளட்டயெல்லோ கேக்கோணும். முதல்தரம் கேட்டப்பவே இதைத்தானே சொன்னனான்."

தண்ணீரிலிருந்து திரும்பி வந்த ரொனிதான் விசயத்தைப் பிடித்தார். கப்பல் நேரங்களோடு இருபத்தைந்து வருடம் மாரடிக்கிற மனிதர். குளிர்காலத்துக்காக லண்டனில் இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள் என்றார். அப்படியானால் நாலரை இன்றைக்கு ஐந்தரை. இரண்டரைக்கு வந்தது வடைக்கான பதில். "பரவாயில்லை அன்ரி, வடையும் அவ்வளவு நல்லாயில்லை" என்றும் சொன்னார். யூஜினா சிரிக்கவில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னுக்கு நின்ற மகளின் நரைத்த முடியைப் பார்த்து விம்மி அழுதார். இமெல்டா ஈரச் சட்டையோடு குனிந்து தாயின் மூக்கைத் துடைத்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் கடலைப் பார்த்தோம்.

இரவு எட்டு மணிக்கு யூஜினா வீட்டில் செபமாலை. லேன் முழுக்க முழங்காலில் நின்றது. மூன்றாம் காரணிக்கச் செபத்தில் கிளெமென்றுக்கு இமெல்டா கடற்கரையில் சொன்னது போய்ச் சேர்ந்தது. "ஆ!" என்று கத்திக்கொண்டு துள்ளி எழும்பினான். ரொனியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான், தங்கச்சியின் நெற்றியில் முத்தமிட்டான், "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு காலமா பிள்ளை!" என்று அழுதான். "ஓம் அண்ணா, பிந்திப்போச்சு" என்றாள் இமெல்டா. அது அவனுக்கு நடுச்சாமம் கழிந்துதான் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னாள். அவன் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி முழங்காலில் நிற்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். பிறகு யூஜினா, விட்ட மணியிலிருந்து செபத்தைத் தொடங்கினார்.