முந்நூற்றுப் பதினேழு படைகள்

ஒத்தக்கல் தோட்டத்து மக்கள் உடம்பில் 1974-ஆம் ஆண்டு முந்நூற்றுப் பதினேழு படைகள் இருந்தன. 1993-ஆம் ஆண்டிலும் முந்நூற்றுப் பதினேழுதான் இருந்தன. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் நாற்பத்தொரு மருந்துகள் அவற்றை முழுமையாகக் குணப்படுத்தியிருந்தன. கோலா சாவாவிலிருந்து செம்மண் சாலையில் நாலு மைல் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. படை என்றால் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, வேர்வை பட்டால் உயிரை வாங்குகிற அரிப்பு. சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் டாக்டர்கள் முறை வைத்து வந்தார்கள். ஊதா மருந்து, கந்தகக் களிம்பு, தார்க் களிம்பு, விழுங்கும் மாத்திரை, வேப்பெண்ணெய், சீமையகத்தி இலைச்சாறு என்று ஆளுக்கொன்றைச் சோதித்தார்கள். முப்பது நாற்பது பேருடைய பெயரைப் பட்டியல் எழுதி, ஆறு வாரம் பூசச் சொல்லி, கடைசி நாள் விடியற்காலைப் பெரட்டில் வந்து எண்ணுவார்கள். பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. பட்டியலில் இருந்த ஒருவர் மேலும் ஒரு பொட்டு இருக்காது. டாக்டர் கைகுலுக்கிவிட்டு, பசியாறிவிட்டு, ஊருக்குப் போய் ஒரு கட்டுரை எழுதுவார்.

பட்டியலில் இருந்தவர் உடம்பை விட்டு இறங்கிய படை, பட்டியலில் இல்லாதவர் உடம்பில் ஏறிக்கொண்டது. இதைத் தோட்டத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. முருகையாவின் கழுத்தில் முந்திரிக்கொட்டை வடிவத்தில் ஒரு படை இருந்தது. அதன் ஓரத்தை அவர் ஒருநாள் ஆத்திரத்தில் பீடியால் சுட்டிருந்தார். 1976-இல் அது அவரை விட்டுப் போன மறுநாள், சுட்ட வடு உட்பட, மூன்றாவது லயத்து வரிசை வீட்டிலிருந்த தாயம்மாவின் முழங்கையில் இருந்தது. முருகையா நேரில் போய்ப் பார்த்து, ஆமாம் நம்முடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு வந்தார். டாக்டர்களுக்கு இது தெரியாமல் போனதற்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியின் நல்லெண்ணம்தான் காரணம். யாராவது சொறிந்துகொண்டு நின்றால் அப்போதைய மேனேஜர் முகம் சுளிப்பார். அதனால் சொறிபவர்கள் பெரட்டுக்கு வர வேண்டாம், பின்பக்கத்து ஆற்றோரமாக நேரே புல்வெட்டுக்குப் போய்விடலாம், பெயரைத் தானே போட்டுவிடுவதாக நல்லசாமி ஏற்பாடு செய்தார். டாக்டர்கள் பெரட்டை எண்ணினார்கள். படைகள் ஆற்றோரமாக வேலைக்குப் போயின.

தாயம்மா முதல் பட்டியலில் இருக்க வேண்டியவள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள். அடுத்த பட்டியல் வருவதற்குள் அவள் மேல் பதினோரு படைகள் ஏறிவிட்டன. பத்துக்கு மேல் இருப்பவரைச் சோதனையில் சேர்ப்பதில்லை என்று டாக்டர்களிடம் ஒரு விதி இருந்தது. அந்த விதியால் அவள் ஒரு பட்டியலிலும் இடம் பெறவில்லை. இடம் பெறாததால் மேலும் ஏறின. அவளைப் பெண் பார்க்க லுக்குட்டிலிருந்து வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். 1993-இல் அவளுக்கு நாற்பத்தாறு வயது, நூற்று நாற்பத்து மூன்று படைகள். அவளுக்குக் கல்யாண ஆசையெல்லாம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. வேண்டியது ஒரு முழு ராத்திரித் தூக்கம். அது பத்தொன்பது வருடமாகக் கிடைக்கவில்லை.

அவள் தம்பி திருநாவுக்கரசு, சுருக்கமாக அரசு, கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்தில் நூலக வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஆய்வாளன் ஆனவன். அவன் எந்த மருந்தையும் சோதித்ததில்லை. மற்றவர்கள் சோதித்ததை எல்லாம், அச்சானது அச்சாகாதது ஒன்று விடாமல் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரே கேள்விகளால் குடைந்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வது அவன் வேலை. யாரைச் சேர்த்தீர்கள், யாரை விட்டீர்கள், நடுவில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டு இருநூற்றுப் பதினான்கு கடிதம் எழுதினான். முப்பத்தொருவர் பதில் போட்டார்கள். ஒருவர் நாட்காட்டி அனுப்பியிருந்தார். ஆறு வருடம் இதிலேயே போயிற்று. கண்ணாடி இரண்டு முறை மாறியது. கடைசியில் கூட்டிப் பார்த்தால், ஒத்தக்கல் தோட்டத்தில் மட்டும் நாலாயிரத்து எண்ணூறு படைகள் குணமாகியிருந்தன. அறுநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற தோட்டத்தில் அத்தனை தோல் ஏது என்று யோசித்துக்கொண்டே இருபத்து மூன்றாம் கட்டுரையைத் திரும்பப் படித்தான். அடியில் பொடி எழுத்தில், வயது முப்பத்து நான்கு, பெண், படை பத்துக்கு மேல், சேர்க்கப்படவில்லை என்று இருந்தது. வருடத்தையும் வயதையும் வைத்துப் பார்த்தான். அக்காதான். தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் அவள் முழுக்கைச் சட்டையோடு இருந்ததைக் கொசுவுக்காக என்று நினைத்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சம் அல்ல.

மறுநாளே பஸ் ஏறினான்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? தீவாளிக்கு வருவ, ஒருநா இருப்ப, பஸ்ஸு போயிரும்னு ஓடுவ. அதுல எப்பலா சொல்றது?" என்றாள் தாயம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

அரசு பெரட்டுக்குப் போகாமல் வீடு வீடாகப் போனான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் இராஜமாணிக்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டான். இருவரும் தனித்தனியே எண்ண வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, கணக்கு இடித்தால் மூன்றாம் ஆள் தீர்க்க வேண்டும் என்பது அவன் தொழிலின் முறை.

"சார், இது ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணா ரெண்டா?" என்று இராஜமாணிக்கம் கேட்பார்.

"ஒட்டியிருந்தா ஒண்ணு. மொதல்லயே முடிவு பண்ணிட்டோமே."

"எனக்குப் பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் இருக்கு சார்."

எண்ணி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரி அலமாரியில், கறையான் பாதி தின்ற முதல் கணக்கில் 1974-இல் இருந்தது எவ்வளவோ, அவ்வளவேதான் இப்போதும். மருந்துகள் ஒன்றையும் தீர்க்கவில்லை, இடம் மாற்றி வைத்தன என்று அரசு எழுதிக்கொண்டான். யாரையாவது விட்டுவிட்டால்தான் படைக்குப் போக இடம் இருக்கிறது. ஆகவே ஒருவரையும் விடாமல் ஒரு பட்டியல் போட்டான். மேனேஜர், அவர் மனைவி, கணக்கெழுதும் கிராணி, பூசாரி, மளிகைக் கடைச் சீனர், பிறந்து ஒன்பது நாளான பிள்ளை எல்லாரும் சேர்ந்து அறுநூற்று நான்கு பேர். நாற்பத்தொரு மருந்தும் ஒரே அளவு பலன் தந்தவை என்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான். சாக்கடை ஓரத்தில் சும்மா வளர்கிற சீமையகத்தியைத் தேர்ந்தெடுத்தான்.

பட்டியலைப் பார்த்த தாயம்மாவுக்குத்தான் அது முதலில் தட்டுப்பட்டது. "உம்பேரு இல்லியேடா."

"பட்டியலு போடுறவன் பேரு வரக்கூடாதுக்கா. போட்டா படை அடுத்த தோட்டத்துக்குப் போயிரும். அங்க யாரு மேல ஏறுச்சின்னு நான் எங்க போயித் தேடுறது? இன்னும் எரநூறு லெட்டர் எழுத என்னால முடியாது."

"அப்ப உனக்குல வந்துரும்."

"ஆமா."

"வேணாம்டா. எனக்குப் பழகிருச்சி."

"பழகிருச்சின்னா ராத்திரி பூரா ஏன் உக்காந்திருக்க?"

அவள் சோற்றுப் பானையை அவன் தட்டுப் பக்கம் இழுத்தாள். பிறகு, "மொத ரெண்டு வருசந்தான் கஷ்டம்," என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஆறு வாரம் தோட்டமே பச்சிலை நாற்றமடித்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் படைகள் ஒன்றிரண்டாக இறங்கத் தொடங்கின. வலி இல்லை, சத்தம் இல்லை. உட்கார்ந்திருந்த ஈ எழுந்து போன மாதிரி இருந்தது என்றார் முருகையா. ஆறு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அரசு கைலியோடு உட்கார்ந்திருந்தான். இராஜமாணிக்கம் எண்ணி முந்நூற்றுப் பதினாறு என்றார். தனியே எண்ணிய நல்லசாமி முந்நூற்றுப் பதினெட்டு என்றார். மூன்றாம் ஆளாகத் தாயம்மாவைக் கூப்பிட்டார்கள். உறவுக்காரர் எண்ணக்கூடாது என்று அரசு மறுத்தான். "வேற யாரு சார் இருக்கா, பொழுதாச்சி," என்றார் டிரசர். அவள் தம்பியின் முதுகில் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்தவை. முந்திரிக்கொட்டை வடிவத்ததைக் கண்டதும், "இது முருகையாவோடது," என்றாள். தோள்பட்டையில் நல்லசாமி எண்ணியது இரண்டல்ல, ஒட்டியிருக்கும் ஒன்று. காதுக்குப் பின்னால் டிரசர் விட்டது ஒன்று. கணக்கு நேரானது. எண்ணி முடித்துவிட்டு அழுதாள்.

அந்த வருடக் கடைசியில் அரசு நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினான். அறுநூற்றைந்தாம் ஆளுக்குப் படைகள் பத்துக்கு மேல் இருப்பதால் அவரை நீக்கிவிட்டுத் திருத்தி அனுப்பும்படி பதில் வந்தது. அவன் நீக்கவில்லை, கட்டுரை வரவில்லை. நூலகத்தில் அவன் பக்கத்து நாற்காலி சில வாரம் காலியாக இருந்தது, அப்புறம் கூட வேலை பார்ப்பவர்கள் பழையபடி உட்காரத் தொடங்கினார்கள்.

ஆனால் படைகள் இறங்கியதற்கு மறுநாளான அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பெரட்டில் நிற்கப் போகிறேன் என்று தாயம்மா நல்லசாமியிடம் சொல்லி வைத்திருந்தாள். அரைக்கைச் சட்டை ஒன்றைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஐந்தரை மணிக்குத் தண்டவாளத் துண்டில் அடித்த மணி லயம் முழுக்கக் கேட்டது. அவள் அசையவில்லை. அரசு எழுப்பலாம் என்று கிட்டே போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் இரண்டும் சும்மா கிடந்தன. அவற்றை அவன் சும்மா கிடந்து பார்த்ததே இல்லை. ஆபீஸ் முன்னால் நல்லசாமி அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவளுக்கு முதல் தடவையாக, வரவில்லை என்று எழுதினார். அவள் பகல் பன்னிரண்டு மணி வரை தூங்கினாள். அரசு பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் சொறிந்துகொண்டிருந்தான்.