மூன்று காஜாக்கள்

அந்த மேசையைச் சுற்றி உட்காரும் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். முதலில் அப்படிக் கூப்பிட்டவள் நாத்தனார், அவளுடைய கணவனின் தங்கை. அவளைப் பார்த்து நர்ஸுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவளைவிட வயதில் மூத்தவர், தலையில் பாதி நரை. அவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

மேசை நாத்தனாரின் தையல் கடையில் துணி வெட்டுகிற மேசை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு விடுமுறை. கத்தரிக்கோல்களும் டேப்பும் ஜன்னல் திட்டுக்குப் போய்விடும். சாக்கட்டிப் பொடியைத் துடைத்துவிட்டு, துணி சுற்றி வருகிற தடித்த அட்டையை மடக்கி நிறுத்தி, அதன் பின்னால் நாத்தனார் உட்காருவாள். கதையை நடத்துகிறவள் அவள். குகை எங்கே இருக்கிறது, கதவுக்குப் பின்னால் என்ன, எதிரிக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதெல்லாம் அட்டைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மூன்று பேர், ஆளுக்கொரு வேடம். லிஃப்ட்காரர் வாள்வீரன். நர்ஸ் திருடி. வாரம் முழுக்க ஊசி போட்டுவிட்டு இங்கேயும் வைத்தியம் பார்க்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அண்ணி மந்திரக்காரி. செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் நாத்தனார் வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கெட்ட செய்தி சொல்வாள்.

கதையில் மாயப்பொருள் எது கிடைத்தாலும் அதற்கு அடையாளமாக ஒரு பொத்தான் கொடுப்பது அவள் வழக்கம். எந்தச் சட்டையிலும் சேராத ஒற்றைப் பொத்தான்கள் அவளிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஆட்டக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு துணிப்பட்டை. அதில் பொத்தான் மாட்ட அவளே கையால் எடுத்த மூன்று காஜா. எத்தனை பொருளை வேண்டுமானாலும் மூட்டையில் சுமக்கலாம். காஜாவில் மாட்டிய மூன்றுக்கு மட்டும்தான் சக்தி. நான்காவது வேண்டுமென்றால் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது என்பதில் அண்ணிக்கு இணையில்லை. லிஃப்ட்காரரின் கையுறையும் நர்ஸின் சத்தமில்லாத செருப்பும் அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவைதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலையே அதுதானே. எதிரே இருப்பவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை ஏற்றி, ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றை வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று நாளெல்லாம் கேட்பது. பலருக்குப் பதில் தெரியாது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று பதறுவார்கள். அவள் பதறமாட்டாள். அவர்கள் புருவம் எந்த வில்லைக்குத் தளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

மந்திரக்காரிக்குப் பொருள் பொறுக்குவது வாள்வீரனுக்குப் பொறுக்குவதுபோல் இல்லை. அவனுக்குக் கூரான வாள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மந்திரம் எதிரியைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை, அடி விழுந்தாலும் கவனம் சிதறாமல், மனதில் இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கெல்லாம் முதலில் அவள் உயிரோடு இருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் என்றால் மூன்று காஜாவும் நிறைந்துவிடும். அண்ணி இதை மற்றவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். ஆனால் அவள் பட்டையில், அடியைக் குறைக்கிற போர்வை இருந்தது, கவனத்தைக் காக்கிற தாயத்து இருந்தது, மூன்றாவது காஜாவில் மீன்களோடு பேச உதவும் மோதிரம் இருந்தது. மீன் வடிவத்தில் ஒரு நீலப் பொத்தான், ஏதோ குழந்தைச் சட்டையிலிருந்து வந்தது. அவர்கள் கடைசியாக ஒரு மீனைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு, கதையின் கடைசி எதிரியான தூங்கா மன்னனின் கோட்டையில் கடைசிக் கதவுக்கு முந்தைய அறையில், நர்ஸ் ஒரு பூட்டைத் திறந்தாள். உள்ளே கருங்கோல். நாத்தனார் தடித்த கோட்டுப் பொத்தான் ஒன்றை மேசை நடுவில் வைத்தாள். அந்தக் கோலைப் பிடித்தவள் போடும் மந்திரத்திலிருந்து தப்ப எதிரிக்கு இன்னும் பெரிய எண் விழ வேண்டும். மந்திரக்காரிக்கென்றே செய்த பொருள் அது. எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அவள் பொத்தானை எடுத்து விரலில் புரட்டினாள். நல்ல எடை. அதைக் கீழே வைத்துவிட்டு, கோல் வேண்டாம் என்றாள். கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறது, அகழியில் மீன் இருக்கும், மீனுக்கு நிலவறையின் வழி தெரிந்திருக்கும், அவசரப்பட்டுக் கதவைத் திறக்காமல் ஒரு சுற்று விசாரித்துவிட்டு வரலாம் என்று நிதானமாக, ஒவ்வொன்றாக, எண்களோடு விளக்கினாள். அவள் குரலில் அது நியாயமாகவே கேட்டது.

"கடைசிச் சண்டைக்கு மீன்கிட்ட வழி கேட்டுட்டா போகணும்?" என்றார் லிஃப்ட்காரர். "சரி, அண்ணி சொன்னா கணக்கு இருக்கும். எனக்கு வெளங்காதது மீனுக்காவது வெளங்குதான்னு பாப்போம்."

நர்ஸ் சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சோதித்துக் கொடுத்த கண்ணாடி.

அவர்கள் நம்பியது அண்ணியை உறுத்தியது. கணக்கு இருந்தது, ஆனால் அவள் சொன்ன கணக்கு இல்லை. கோலை மாட்டினால் கதவைத் திறக்கலாம். கதவைத் திறந்தால் மன்னனைச் சந்திக்க வேண்டும். மன்னன் வீழ்ந்தால் கதை முடியும். இரண்டு வருடமாக நீண்ட கதை. அது முடிந்த பிறகு வரும் ஞாயிற்றில் தான் எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு இந்தக் கடைப் படியேறுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளை இங்கே அழைத்து வந்தவன் கணவன். தங்கையின் புது விளையாட்டு, ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றான். மூன்றாவது வாரமே அவனுக்கு அலுத்துவிட்டது. அவள் தொடர்ந்து வந்தாள். பிறகு அவனுக்கு அவளும் அலுத்தாளா, அவளுக்கு அவனா என்று இருவருமே சண்டையில்லாமல் யோசித்து, சண்டையில்லாமல் பிரிந்தார்கள். சென்ற மாதம் அதுவும் சட்டப்படி முடிந்தது. அவன் வேறு ஊருக்கு மாறிப் போனான். கட்டில் யாருக்கு, பீரோ யாருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். நாத்தனார் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வார ஞாயிறு அவள் கடைக்கு வந்தபோது நாத்தனார் ஒன்றுமே பேசாமல் துணிப்பட்டையை எடுத்து அவள் இடத்தில் விரித்தாள். அந்தப் பேசாமையை அண்ணி எப்படி எடுத்துக்கொள்வது? இரக்கமா, வழக்கமா, அல்லது கதை பாதியில் நிற்கக் கூடாது என்பதா? வில்லையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோல் இருந்தது.

லிஃப்ட்காரரின் போன் அடித்தது. எங்கோ இரண்டு மாடிக்கு நடுவில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலுக்குப் போய், எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் நாற்காலியிலேயே கண்ணை மூடினாள். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கும் வரம் அவளுக்கு. நாத்தனார் எழுந்து பின்னறைக்கு டீ போடப் போனாள். கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அண்ணி சும்மா இருக்க முடியாமல் மனதுக்குள் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

பாலத்தில் மன்னனோடு ஒரு மோதல் நடந்திருந்தது. அவன் காயத்தோடு தப்பி ஓடினான். அதற்கு முன்னால் ஒரு முறை, சுரங்கத்தில். லிஃப்ட்காரரின் வாள் எத்தனை முறை பட்டது, நர்ஸின் கத்தி, தன் நெருப்பு. ஒருமுறை கூட்டினாள். தப்பாக இருக்கும் என்று மறுபடி கூட்டினாள். முதல் மோதலில் மன்னனுக்கு எவ்வளவு உயிர் என்று நாத்தனார் வாய்தவறிச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பாலத்திலேயே அவன் செத்திருக்க வேண்டும். தாராளமாக.

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். தைத்து முடித்த உடைகள் வரிசையாகத் தொங்கின. நாத்தனார் குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாலத்துலயே ராஜா செத்திருக்கணுமேம்மா," என்றாள் அண்ணி.

நாத்தனாரின் கை நின்றது. "எண்ணிட்டீங்களா?"

"எண்ணாம எப்படி?"

"நீங்க எண்ணுவீங்கன்னு தெரிஞ்சுதான் பயந்தேன்." அவள் திரும்பவில்லை. "அந்த மீன் மோதிரத்துக்கு அவ்வளவு மதிப்பா அண்ணி? நீங்களே சொல்லுங்க."

"இல்ல."

"எனக்கும் தெரியும். அகழியில மீனே கெடையாது. இருக்குன்னு சொல்லிடலாமான்னு இப்பத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

கெட்டில் தானே அணைந்தது. நாத்தனார் வெந்நீரைக் குவளைகளில் ஊற்றினாள்.

அண்ணிக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். பல மாதமாகக் கேட்கவில்லை. கேட்காதவரை பதில் வரலாம், வர வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றாக இருந்தது. அந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாரம் ஆறு நாள் ஓட்டிவிடலாம். அது ஒரு வசதிதான். மூட்டையில் சுமப்பதற்கும் காஜாவில் மாட்டுவதற்கும் நடுவில் அவள் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தாள்.

"கதை முடிஞ்சா நான் இங்க யாரும்மா?"

நாத்தனார் திரும்பினாள். கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. அதைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அப்படித் துடைத்தால் கீறல் விழும் என்று அண்ணி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்லவில்லை.

"அண்ணன் போயிட்டான். இனிமே உங்களுக்கு என்ன இருக்கு, கதை முடிஞ்சதும் நீங்களும் வரமாட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள் நாத்தனார். "அதான் ராஜாவைச் சாகவிடல. வேற எப்படி உங்களை வரவைக்கிறதுன்னு தெரியல. உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணுமோன்னு வீட்ல தனியா சொல்லிக்கூட பாத்தேன். யாரோ வேற ஆளைக் கூப்பிடற மாதிரி இருந்துச்சு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மனுஷனைத் தூங்கவிடாம வச்சிருக்கோம்."

"பாவம், அவனுக்கும் எவ்வளவு நாள் முழிப்பு," என்றாள் நாத்தனார்.

டீயோடு மேசைக்கு வந்தார்கள். லிஃப்ட்காரர் போனை வைத்துவிட்டு வந்திருந்தார். ஆள் இறங்கிவிட்டார், நன்றிகூடச் சொல்லவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். நர்ஸைத் தட்டி எழுப்பினார்கள். அண்ணி தன் பட்டையிலிருந்து மீன் பொத்தானைக் கழற்றினாள். அந்த இடத்தில் கோட்டுப் பொத்தானை நுழைத்தாள். காஜா இறுக்கமாக இருந்தது. ஓரத்தைக் கட்டை விரலால் தள்ளித்தான் உள்ளே விட வேண்டியிருந்தது.

"மீன் கோவிச்சுக்கும்," என்றார் லிஃப்ட்காரர்.

"சமாதானம் பண்ணிக்கலாம். கதவைத் திறங்க."

மன்னன் அவர்களுக்காகக் காத்திருந்தான். நாத்தனார் இந்த முறை அவன் உயிரில் எதையும் கூட்டவில்லை. அதை அண்ணியால் உணர முடிந்தது. அவளை வழக்கம்போல் நெருப்பு வீசச் சொன்னார்கள். அவள் தூக்க மந்திரம் என்றாள். தூங்கா மன்னன்மேல் அது பலிக்காது என்று எல்லாரும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவைத்த மந்திரம். கோல் இல்லாமல் பலிக்காதுதான். கோலோடும் நிச்சயமில்லை, பலிக்க இடமிருந்தது, அவ்வளவே. பிடித்த பிறகும், மன்னனின் கண் மூடும்வரை அவள் அதை மனதில் இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நாத்தனார் மன்னனுக்காகப் பகடையை அட்டைக்குப் பின்னால் உருட்டவில்லை. எல்லாரும் பார்க்க மேசை நடுவில் உருட்டினாள். அது ஊசி குத்தும் மெத்தையில் முட்டி நின்றது. கோல் இல்லாமல் இருந்திருந்தால், தப்ப அந்த எண் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். கோல் இருந்ததால் போதவில்லை.

அடுத்து மன்னனின் ஆட்கள் அவள்மேல் பாய்ந்தார்கள். லிஃப்ட்காரர் குறுக்கே புகுந்து வாங்க முடிந்ததை வாங்கினார். நர்ஸ், கொள்கையைக் கைவிட்டு, அவருக்கு ஒரு கட்டுப் போட்டாள். ஒரு அடி அவர்களைத் தாண்டி அண்ணிமேல் விழுந்தது. போர்வை பாதியைத் தாங்கியது. கவனத்துக்காக அவள் பகடையை உருட்டினாள். தாயத்து தந்த உதவியோடு சேர்த்து, ஒன்றுகூட மிச்சமில்லாமல், சரியாகப் போதுமான எண்.

"அவன் கண்ணு மூடுது," என்றாள் நாத்தனார். அவள் குரல் தணிந்திருந்தது. சிம்மாசனத்தில் சாய்ந்து, கிரீடம் காதுவரை சரிந்து, அந்த மன்னன் தூங்கிப்போனதை அவள் நிதானமாகச் சொன்னாள். கோட்டையில் இருந்த காவலர்கள் அவனை எழுப்ப மனமில்லாமல் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவ்வளவுதான் என்றாள்.

லிஃப்ட்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, துணித்தூசு என்றார். அண்ணிக்கு உள்ளே வெறுமையாகத்தான் இருந்தது. பயந்ததுபோல் காலுக்குக் கீழே தரை நழுவவில்லை. வாடிக்கையாளர் போன பிறகு நாற்காலி காலியாக இருக்குமே, அடுத்தவர் வந்து உட்காரலாம் என்பதுபோல், அப்படி ஒரு வெறுமை.

நாத்தனார் பொத்தான்களை டப்பாவில் அள்ளத் தொடங்கினாள். அண்ணி அவள் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறு நான் கதை நடத்தறேன். நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு."

"எனக்கு ஆடத் தெரியாதே அண்ணி. நடத்தத்தான் தெரியும்."

"மந்திரக்காரியா வா. பொருள் நான் பாத்துத் தரேன்."

நர்ஸ் நகர்ந்து இடம் விட்டாள். நாத்தனார் அட்டையைச் சுற்றி வந்து, தன் கடையிலேயே விருந்தாளிபோல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து தன் மேசையை அவள் பார்த்ததில்லை போலும். அண்ணி புதுத் துணிப்பட்டை ஒன்றை அவள் முன்னால் விரித்தாள். டப்பாவிலிருந்து இரண்டு பொத்தான்களை எடுத்து உள்ளங்கையில் நீட்டினாள்.

"இதுவா, அதுவா? அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

நாத்தனார் இரண்டையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மேசை ஓரத்தில் கிடந்த நீல மீனை எடுத்து முதல் காஜாவில் மாட்டினாள்.

"அது ஒண்ணுத்துக்கும் ஆகாதும்மா," என்றாள் அண்ணி.

"தெரியும் அண்ணி," என்றாள் அவள். "உங்க கதையில ஒரு ஆறு வைங்க."