தோளில் தூக்கியவன்

என் தம்பி கோபப்பட்டால் கைதட்டுகிறார்கள். நான் கோபப்பட்டால் மேனேஜர் கூப்பிட்டு அனுப்புகிறார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்பது என் வேலை. காலையில் ஹெட்ஃபோனை மாட்டினால் சாயங்காலம் வரை யாராவது ஒருவர் என் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருப்பார். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்று நான் குழைய வேண்டும். அவனோ ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேடையில் நின்று வறுத்தெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அக்கா, சாப்பிட என்ன இருக்கு?" என்பான்.

மேடையில் அவன் பெயர் வெடி. வீட்டில் பூனை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற பிள்ளை என்பதால் அப்பா வைத்த பெயர் அது. மூன்று பேர் சேர்ந்து ராப் பாடிய குழுவில் பல வருஷம் கிடந்தான். இப்போது அதை உதறிவிட்டுத் தனியாக முதல் ஆல்பம் போடுகிறான். ஆல்பத்தின் பெயர் 'கொதி'. எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டது, கடைசிப் பாட்டு மட்டும்தான் பாக்கி என்று வீட்டில் கால் தரையில் பாவாமல் திரிந்தான்.

"அக்கா, உன் வாய்ஸ் கொஞ்சம் வேணும்" என்றான் ஒருநாள்.

"எதுக்கு? எவளாவது ஃபோன் பண்ணா நீ வீட்ல இல்லன்னு சொல்லணுமா?"

"விளையாடாதக்கா. கடைசிப் பாட்டு அப்பாவைப் பத்தி. அன்னிக்கு நீ எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேல்ல? அதுலதான் பாட்டே ஆரம்பிக்குது. ஆனா அதுல ஒரே இரைச்சல். ஸ்டூடியோவுக்கு வந்து அதையே ஒருதடவை சொல்லிட்டுப் போயிடு."

அந்த மெசேஜை அழிக்காமலா வைத்திருக்கிறான்?

அது அப்பா குளியலறையில் விழுந்த அன்று அனுப்பியது. எங்கள் வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. வாடகைக் கார் கீழே வந்து நின்றுவிட்டது, டிரைவர் மேலே ஏற மாட்டேன் என்றுவிட்டார். தம்பிக்கு ஃபோன் அடித்து அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மெசேஜ். அவன் வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். "ஃபோன் சைலன்ட்ல இருந்துச்சுக்கா, இப்பத்தான் பார்த்தேன்" என்றான். மறுநாள் அப்பா போய்விட்டார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். துக்கத்துக்கு வந்த சித்தி அதையே ஊரெல்லாம் சொன்னாள். தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. மன்னிப்புகூட வேண்டாம். "அக்கா காத்திருந்தா, நான் வரல" என்று யாரிடமாவது அவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒருவேளை அதைத்தான் பாட்டாக எழுதியிருக்கிறானோ என்று நினைத்தேன். அசட்டு நெஞ்சு! லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

செருப்புக் கடைக்குக் கீழே, நிலவறையில் இருந்தது ஸ்டூடியோ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொத்தான்கள் நிறைந்த மேஜை, சவுண்ட் இன்ஜினியர், சோபாவில் சாய்ந்தபடி ஆல்பத்தின் தயாரிப்பாளர். அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற அறை, மைக். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை.

"தம்பி, அப்பா விழுந்துட்டாரு. லிஃப்ட் வேலை செய்யல. என்னால தூக்க முடியல. சீக்கிரம் வாடா" என்றேன்.

"அக்கா, ரொம்ப அமைதியா இருக்கு. கொஞ்சம் பதறணும்" என்றான் இன்ஜினியர். மேஜையில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பேசினால்தான் அவர்கள் குரல் எனக்குக் கேட்கும்.

மறுபடி சொன்னேன். மறுபடி வேண்டாம் என்றார்கள். தம்பி பொத்தானை அழுத்தினான். "அக்கா, அன்னிக்கு நடந்ததை நினைச்சுக்கோ."

அன்றைக்கு நடந்ததை நான் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். "முதல்ல பாட்டைப் போடு. கேட்டா தன்னால வரும்" என்றேன்.

போட்டார்கள். தாளம் நெஞ்சில் இடித்தது. பிறகு அவன் குரல்.

"நாலு மாடி இறங்கினேன், லிஃப்ட் செத்துக் கிடந்துச்சு,
என் தோளு மேல அப்பன் மூச்சு எண்ணி எண்ணி நடந்துச்சு."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. மெசேஜைக் கேட்டதும் ஓடி வருகிறானாம். அப்பாவைத் தோளில் தூக்குகிறானாம். ஒவ்வொரு மாடிக்கும் இந்த உலகத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டே இறங்குகிறானாம். அக்காவும் பாட்டில் இருக்கிறாள். வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள்.

"டேய் பூனை" என்றேன், மைக்கில். தாளம் நின்றது. "யாருடா தூக்கினது? தண்ணி கேன் போடுறவர் தெரியுமா, தண்ணி கேன் போடுறவர்? அவர் முன்னாடி காலைப் பிடிச்சாரு, நான் பின்னாடி முதுகைப் பிடிச்சேன். பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வச்சு, என் துப்பட்டாவால கட்டி இறக்கினோம். செருப்பில்லாம அப்பா வெளிய போகமாட்டார்னு நான்தான் மாட்டிவிட்டேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒத்தைச் செருப்பு கழண்டு விழுந்துச்சு. வாய் கோணிப் போச்சு மனுஷனுக்கு, பேச்சு குழறுது. ஆனா காருக்குப் போற வரைக்கும் 'செருப்பு, செருப்பு'ன்னுட்டே வந்தாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. இன்னைக்கும் குனிஞ்சா எனக்கு இடுப்பு பிடிக்குது. இதுல நீ எங்கடா வந்தே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் சோபாவிலிருந்து எழுந்து வந்து பொத்தானை அழுத்திவிட்டார். "நெருப்பும்மா! நெருப்பு! ரெக்கார்ட் ஆச்சா?"

"ஆச்சு சார்" என்றான் இன்ஜினியர், என்னைப் பார்க்காமல்.

தம்பி பொத்தானை அழுத்தினான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. இப்போதாவது சொல்லுவான் என்று நின்றேன்.

"அக்கா, செருப்பு விஷயம் நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

"அது... அதை நான் பாட்டுல எடுத்துக்கட்டுமா?"

ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே வந்தேன். நான் வந்த வேகத்தைப் பார்த்துத் தயாரிப்பாளர் சோபாவில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துக்கிறியா? தோளை எடுத்துக்கிட்டே, படியை எடுத்துக்கிட்டே, என்னை வாசல்ல நிறுத்தி அழவும் வச்சுட்டே. மிச்சம் இருக்கிறது அந்த ஒத்தைச் செருப்புதான். அதுவும் வேணுமா உனக்கு?"

"அக்கா, கத்தாத. ராப்ல 'நான்'னா நான் மட்டும் இல்ல. அப்பாவைத் தூக்கின எல்லாப் பிள்ளைங்களும்தான் அந்த 'நான்'."

"தூக்கின பிள்ளை இங்க நிக்கிறேன்டா! என்னைப் பாரு!"

அவன் தரையைப் பார்த்தான்.

"சரி" என்றேன். "செருப்பு தர்றேன். நீ உள்ள போய், அந்த மைக்ல, நான் வரலன்னு சொல்லு. சொன்னதைப் பாட்டுல போடு."

தயாரிப்பாளர் தலையாட்டினார். அவருக்கு எது வந்தாலும் லாபம். தம்பி உள்ளே போனான். தாளம் ஓடியது. கையை ஆட்டினான், கழுத்தை நரம்பு புடைக்கத் தூக்கினான். "வரல, நான் வரல, என் விதி என்னை விடல" என்று தொடங்கினான்.

பொத்தானை நான் அழுத்தினேன். "விதியை யாரும் கேக்கல. மறுபடி."

"வரல, இந்த நகரம் என்னை..."

"நகரம் வேண்டாம். மறுபடி."

இன்ஜினியர் யாரையும் கேட்காமலே தாளத்தை நிறுத்தினான். தாளம் இல்லாமல் தம்பிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் பூனை, இருபத்தெட்டு வயசுப் பூனை, கண்ணாடிக்குள் தனியாக நின்றது. எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. அலுவலகக் குரலை எடுத்தேன். அந்தக் குரலில் எதையும் கேட்டுவிடலாம்.

"சம்பவம் நடந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"அக்கா, ப்ளீஸ்..."

"எங்க இருந்தீங்க?"

"இங்கதான். இந்த ரூம்லதான். குழுவோட பாட்டு ரெக்கார்டிங்."

"ஃபோன் எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்ல."

"சைலன்ட்லயா?"

மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. கேட்காமல் விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"இல்ல" என்றான். "வைப்ரேட்ல இருந்துச்சு. எடுத்துக் கேட்டேன். நீ அழுதது எல்லாம் கேட்டேன். பாடிட்டு இருந்த டேக் நல்லா வந்துட்டு இருந்துச்சுக்கா. அதை முடிச்சுட்டுப் போயிடலாம்னு... ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணு கேட்டாங்க. நான் வரல."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

இத்தனை நாளும் சித்தி சொன்னதை நான் நம்பியிருந்தேன். நான்தான் தாமதித்தேன், இன்னும் சீக்கிரம் தண்ணி கேன்காரரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் என்னையே பிறாண்டிக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே என்னோடு உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறான்.

தயாரிப்பாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், ரெண்டையும் சேர்த்துப் போட்டோம்னா..."

"நான் பேசினதை அழி" என்றேன் இன்ஜினியரிடம். "செருப்பு கிடையாது. அது எங்கப்பாவுது. இவன் சொன்னதை வேணும்னா போட்டுக்கோங்க, இல்ல குப்பையில போடுங்க."

இன்ஜினியர் தயாரிப்பாளரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பேசியதைத் திரையில் தேடி எடுத்தான், என் கண் முன்னாலேயே அழித்தான்.

ஸ்பீக்கரில் தம்பியின் குரல் வந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா? கேக்குதா? ஏதாவது சொல்லுக்கா. அக்கா?"

எல்லாம் கேட்டது. பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினேன்.