வாய்க்கப்பலுக்கு ஒரு பூசை

1

இந்தக் கதை நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பொயிண்ட் குக்கில், ஒரு குசினி மேசையில், நிரப்பப்படாத ஒரு படிவத்திலிருந்து தொடங்கியது. அன்னமலர் அன்ரியின் ஆங்கிலப் படிவங்களை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். இது தேவாலயப் படிவம். பூசை யாருக்காக, பெயர் என்ன என்று கேட்டு, கீழே இரண்டு கட்டங்கள்: இறந்தவருக்கு, நன்றிக்கு.

"பேர் தெரியாது, பிள்ளை. நீ கதை எழுதுறனிதானே, ஒண்டு வை."

கதைக்குப் பெயர் வைப்பேன். பூசைக்கு வைக்கக் கை வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "கொந்தளிக்கும் கடலைக் கிழித்துக்கொண்டு அந்த இரும்பு அரக்கன்…"

(வேண்டாம். கடல் அன்று பாய் விரித்ததுபோல் கிடந்ததாம்.)

இரண்டாவது தொடக்கம், கப்பல் வேலை செய்யும் விதத்திலிருந்து. எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுங்கள். தரையிறங்கு கப்பலுக்குத் துறைமுகம் வேண்டாம். அடிப்பாகம் தட்டை. நேரே மணலில் ஏறி, முன்கதவை வாய்போலத் திறந்து, ஆட்களையும் வாகனங்களையும் இறக்கும். அதனால் சனம் அதை வாய்க்கப்பல் என்றது. ஏறிய கப்பல் எப்படி மணலைவிட்டு இறங்கும்? கரையைத் தொடுமுன்பே, ஆழத்தில் பின்நங்கூரத்தைப் போட்டு, கம்பியை விட்டுக்கொண்டே வந்திருக்கும். வேலை முடிந்ததும் வின்ச் என்ற சுழல்பொறி கம்பியைச் சுருட்டும். நங்கூரம் மண்ணைப் பிடித்திருக்கும். கப்பல்தான் பின்னால் இழுபடும். திரும்பிப் போவதற்கான ஏற்பாட்டை வரும்போதே செய்துவிடுகிற வாகனம்.

(இந்தக் கதைக்கு நான் அப்படி ஒன்றும் செய்யவில்லை. முடிவு தெரியாமலே கரையேறிவிட்டேன்.)

3

போர்க்காலம். தரைப்பாதை மூடியிருந்தது. கடற்படையின் வாய்க்கப்பல் படையினரோடு இடைக்கிடை சனத்தையும் வடக்கிலிருந்து திருகோணமலைக்கு ஏற்றியது. அன்ரியின் வயிற்றில் ஏழு மாத எறிக். சனத்தை இருத்திய கீழ் வாகனத் தட்டில் ஜன்னல் இல்லை, ஒரே டீசல் மணம். வின்ச்சில் நின்ற சிங்கள மாலுமி ஒருவன் அவரை மேலே, காற்றுப் படும் பின்தளத்துக்குக் கூட்டிப்போனான். குமட்டிச் சத்தி வந்தபோது தன் இரும்புத் தொப்பியைக் கழற்றி நீட்டினான்.

"நிரப்பிப்போட்டன்," என்றார் அன்ரி. "கடல்தண்ணியில அலசிப்போட்டுத் திரும்பத் தலையில வைச்சவன். சிரிச்சுக்கொண்டு."

ஐந்து மாதம் கழித்து ஒரு தாக்குதலில் அந்தக் கப்பல் மூழ்கியது. தப்பியவர்கள் குறைவு.

(எந்தக் கப்பல் என்று தேடாதீர்கள். பல கப்பல்களைச் சேர்த்து இதைக் கட்டினேன்.)

4

ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள் அன்ரியின் கணவர். நாற்பது வருடமாக மறுபேச்சுப் பேசுபவர்.

"நேவிக்காரனுக்குப் பூசையோ? எங்கட வள்ளத்தை எரிச்சவங்கள்!"

"எரிச்சவன் வேற. இவன் என்ர சத்தியை ஏந்தினவன். நீங்கள் ஏந்தினீங்களோ?"

"நான் கீழ சூட்கேஸைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்!"

"அதைத்தான் சொல்லுறன்."

போன வருடம் சமாதானமாக அங்கிள் ஒரு வழி கண்டுபிடித்தார்: மனிதன் வேண்டாம், கப்பலுக்குக் கொடுப்போம். பெயர்க் கட்டத்தில் அவரே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்: "காலஞ்சென்ற வாய்க்கப்பல் அவர்களின் ஆன்மா இளைப்பாற…" எறிக் வெளியே ஓடிப்போய்க் கார் தரிப்பிடத்தில் நின்று சிரித்தான்.

அன்ரி சிரிக்கவில்லை. இந்த முறை ஆளுக்குத்தான் என்று முடிவெடுத்தது அன்றுதான்.

5

முடிவு அ: கப்பல் மூழ்கிய அன்று அவன் லீவில். இப்போது எங்கோ பேரப்பிள்ளைகளோடு.

முடிவு ஆ: வின்ச்சின் பக்கத்திலேயே அவன்

(இதை முடிக்கமாட்டேன்.)

எந்தக் கட்டத்தில் சரி போடுவது? உயிரோடிருப்பவனுக்கு இறந்தவர் பூசை கொடுத்துவிட்டால்? இரண்டு சாத்தியத்தையும் அரைமணி நேரம் விளக்கினேன். அன்ரி என் பேனையை வாங்கி, நன்றிக் கட்டத்தில் சரி போட்டார்.

"செத்திருந்தா, அன்ரி?"

"செத்தவனுக்கு நன்றி சொல்லக்கூடாதோ?"

அங்கிள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொடுப்பவர் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"உவள் தனியக் குடுக்கிறாளோ? என்ர பேரையும் போடு."

பெயர்க் கட்டத்தை நான் நிரப்பவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு ஃபாதர் அந்த இடத்துக்கு வந்து ஒரு கணம் நிற்பார். அன்ரியும் அங்கிளும் முன்வரிசையில் இருப்பார்கள். அதற்குமுன் உங்களுக்கு ஒரு பெயர் வந்தால், இங்கே எழுதிவிடுங்கள்:

(                    )