ஐந்து நிமிடத்தில் வரும் தூக்கம்

துடியலூரில் அக்குபிரஷர் பார்க்கிற விமலாராணிக்குத் தன் கை மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? தாராபுரம் ரோட்டில் ஒரு உறைவிடப் பள்ளி. அங்கே நீட் படிக்கும் நாற்பது பெண்பிள்ளைகளுக்கு, பதினொன்றுக்கு விளக்கணைத்தால் பன்னிரண்டு வரை பொட்டுத் தூக்கம் கிடையாது. படித்ததெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நாலரைக்கு எழுப்பும் மணி அடித்துவிடும். பெற்றவர்கள் புலம்பவே, தாளாளர் கிருபாசங்கர் விமலாராணியை வரவழைத்தார்.

ஒரு மாதம், ஒன்றுவிட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்துக் குழியை அழுத்திவிட்டாள். படுக்கும்போது தாங்களே அழுத்திக்கொள்ளவும் பழக்கினாள். பலித்தது. மாதக் கடைசியில் பள்ளியில் அறிக்கை கேட்டார்கள். ‘படுத்த ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சும்மா இருந்திருக்கலாம் மகராசி.

அடுத்த வாரம் போனபோது விடுதிப் பலகையில் புது நேரம் எழுதியிருந்தது. நேரே தாளாளர் அறைக்குப் போனாள்.

“ஏனுங்க சார், எந்திரிக்கிற மணிய மூணரைக்கு மாத்திப்போட்டீங்களா?”

“உக்காருங்க மேடம். எல்லாம் உங்க புண்ணியமுங்க. முன்னால ஒரு மணி நேரம் சும்மா பொரண்டுட்டுக் கெடந்தாங்க. இப்ப அது மிச்சமுங்க. அதைப் படிப்புக்குக் குடுத்துட்டோம். தூங்கறது பழைய அளவுதானுங்க, நாம ஒண்ணும் கொறைக்கலீங்களே.”

“வளர்ற புள்ளைங்களுங்க. நல்லாத் தூங்கட்டும்னுதானுங்க நான் வந்தேன்.”

“பெத்தவங்ககிட்டயும் கேட்டுட்டமுங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. காப்பி சாப்பிடுங்க.”

காப்பி வந்தது. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கத்துகிற ஆளாயிருந்தால் திருப்பிக் கத்தலாம். இத்தனை ‘ங்க’ போட்டுப் பேசுகிறவரை என்ன செய்வது? மேசைமேல் அவளுடைய அறிக்கைதான் கிடந்தது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டாள்.

சிகிச்சை அறையில் முதலில் வந்தது சண்முகப்பிரியா. பதினாறு வயது. பெஞ்சில் உட்கார்ந்தவள், விமலாராணி கையைத் தொடுவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இரண்டு முட்டியிலும் சிராய்ப்பு.

“கண்ணு, முட்டில என்ன காயம்?”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “கிளாஸ்ல கண்ணசந்தா நிக்க வெச்சுடறாங்க மிஸ். நேத்து நின்னுட்டே தூங்கி விழுந்துட்டனுங்க.”

“அப்பாகிட்டச் சொல்லலியா?”

“சொன்னனுங்க. இன்னும் ஆறு மாசந்தான, பல்லக் கடிச்சுட்டு இருன்னாருங்க.” கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். “மிஸ், தூக்கம் வராம இருக்க ஏதாச்சும் புள்ளி இருக்குங்களா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு டெஸ்டுங்க.”

இருக்கிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, மயங்கியவர்களை எழுப்ப அழுத்துகிற இடம். இல்லை என்ற வார்த்தை வாய் வரை வந்தது. சொன்னால் பிள்ளை இன்றைக்கும் நிற்கும், விழும். விமலாராணி கட்டைவிரல் நுனியை வைத்து அழுத்தினாள். தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் கொஞ்சம் பலமாகவே அழுத்திவிட்டாள். பிள்ளையின் கண்ணில் நீர் முட்டியது.

“வலிக்குதா அம்மணி?”

“இல்லீங்க மிஸ். நல்லா முழிப்பு வருதுங்க.” சண்முகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “மத்தவங்களையும் வரச் சொல்லட்டுங்களா?”